பின் கயிறு

என் முதுகில் ஒரு குறையும் இல்லை. இதை நான் சொல்லவில்லை. மூன்று மருத்துவர்களும், என்னைக் குழாய்க்குள் படுக்கவைத்து அரை மணி நேரம் தடதடத்த ஒரு இயந்திரமும் சேர்ந்து சொன்னது. மூன்றாவது மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இவ்ளோ ஒழுங்கா அடுக்கின முதுகெலும்ப நான் பாத்ததே இல்லப்பா. பாடப் புத்தகத்துல போடலாம்," என்றார். அந்தப் பாடப் புத்தக முதுகை வைத்துக்கொண்டு என்னால் குனிந்து செருப்பு வாரை மாட்ட முடியவில்லை. இருபத்தோரு வயதில் கல்லூரி விடுதியில் எனக்குப் பெயர் 'தாத்தா'. முதலாமாண்டுப் பையன்கள் பேருந்தில் எழுந்து இடம் தருகிறார்கள். நானும் வெட்கமில்லாமல் உட்கார்ந்துகொள்கிறேன்.

மருத்துவர்கள் கைவிட்ட பிறகு, பயிற்சி கொடுத்து வலி தீர்க்கிற பிசியோ அக்காவிடம் போனேன். அவர் ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரு மனிதனின் பின்பக்கம் அச்சடித்திருந்தது. முகம் இல்லாததால் யாருக்கும் பொருந்தும். "வலி இருக்கற இடத்த சுத்தி ஒரு கோடு போடு," என்றார். இடுப்புக்கு மேலே, இடது பக்கம். வலியின் ஓரம் எங்கே முடிகிறது என்று உணர்ந்து உணர்ந்து பென்சிலை நகர்த்தினேன்.

பிசியோ அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி இது? கை மாதிரி இருக்கு?"

நான்கு விரல், ஒரு கட்டைவிரல், நடுவில் உள்ளங்கை.

"எனக்கு வரைய வராதுக்கா," என்றேன்.

அது யாருடைய கை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அக்கா எலும்புக்கும் தசைக்கும் படித்தவர். இது அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை.

என் அண்ணனிடம் ஒரு கயாக் இருந்தது. ஒல்லியான, நீளமான படகு. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போட்டால் போகும். ஏரியின் அந்தக் கரைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, திரும்பி வர வேண்டும். இதற்காக ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எழ வேண்டும். பதினான்கு அடி, பச்சை நிறம். அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். அண்ணன் அதற்கு வைத்த பெயர் 'முதலை'.

பழகப் பழக எனக்கு ஒன்று புரிந்தது. கயாக் என்பது தண்ணீரில் ஓட்டுகிற பொருள் அல்ல. காரின் மேல் ஏற்றுகிற, இறக்குகிற பொருள். நடுவில் கொஞ்ச நேரம் நனையும், அவ்வளவுதான்.

ஏற்றுவதில் எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை உண்டு. தூக்கும்போது அண்ணன் பின் முனை, நான் முன் முனை. காரின் மேல் கேரியரில் வைத்ததும் நடுவில் இரண்டு பெல்ட். ஆளுக்கொரு பக்கம் நின்று மாற்றி மாற்றி வீசி இறுக்குவோம். அதற்குப் பிறகு, காற்றில் படகின் மூக்கு எழும்பாமல் இருக்க முன் பம்பரோடு ஒரு கயிறு, வால் ஆடாமல் இருக்கப் பின்னால் ஒரு கயிறு. முன் கயிறு என்னுடையது. பின் கயிறு அவனுடையது. யாரும் பேசி முடிவு செய்ததில்லை. கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது என்பதுபோல அது பாட்டுக்கு அமைந்துவிட்டது. நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட நான் பின் கயிற்றைத் தொட்டதில்லை, அவன் முன் கயிற்றைத் தொட்டதில்லை. கட்டியதும் நான் இந்தப் பக்கத்திலிருந்து, "முடிச்சாச்சா?" என்பேன். அவன் அந்தப் பக்கத்திலிருந்து, "முடிச்சாச்சு," என்பான். கிளம்பிவிடுவோம்.

அவன் போடுவது ஒரு தினுசான முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்ச நுனியை மடித்து, தலைகீழாகச் செருகுவான். வீட்டில் சர்க்கரைப் பொட்டலத்தின் வாயையும் அப்படித்தான் கட்டுவான். அண்ணி அதை அவிழ்க்க முடியாமல், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு கத்திரிக்கோலை ஆணியில் மாட்டிவைத்திருந்தார்.

இன்னொன்றும் உண்டு. எண்ணித் தூக்கும்போது நான் 'மூணு' என்கிற சொல்லோடு தூக்கிவிடுவேன். அவன் மூணு முடிந்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் தூக்குவான். ஒவ்வொரு தடவையும் முதலை கோணிக்கொண்டு எழும். ஒவ்வொரு தடவையும் சண்டை.

"மூணுன்னா தூக்கணும் அண்ணா. அதுக்குத்தான் எண்றோம்."

"ஏன்டா, ஒண்ணும் ரெண்டும் வந்துட்டு, அதுக்கப்புறம்தான் மூணு வந்திருக்கு. அது முழுசா வந்து நிக்கட்டும்டா. அதுக்குள்ள என்ன பதட்டம் உனக்கு?"

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமைதோறும் நான் துவைக்கிற துணி மூட்டையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து தங்குவது வழக்கம். காலையில் ஐந்தரைக்கு அண்ணன் என் காலைப் பிடித்து ஆட்டினான். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. வேறு காரணமே கிடையாது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கலாம் என்று பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். "முதுகு பிடிச்சிருச்சு அண்ணா," என்றேன்.

அவன் திட்டியிருக்கலாம். போர்வையை உருவியிருக்கலாம். அவன் போய்த் தைலத்தை எடுத்துவந்தான். "எங்கடா?" என்றான். எங்கே என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. "அங்கதான்," என்றேன். அவன் கை எங்கே வந்து நின்றதோ, அதுதான் அங்கே. இடுப்புக்கு மேலே, இடது பக்கம். நன்றாகச் சூடு பறக்கத் தேய்த்தான். "படு. நான் தனியாவே ஏத்திக்கறேன்," என்றான்.

சமையலறையிலிருந்து அண்ணி, "பதினோரு மணிக்கு பிளம்பர் வர்றான், குழாய் ஒழுகுது. அதுக்குள்ள வந்துடுங்க. ஏரில போய் உக்காந்துடாதீங்க, சீக்கிரம்!" என்று கத்தியது அரைத்தூக்கத்தில் கேட்டது.

அண்ணன் தனியாக ஏற்றினான். பெல்ட்டை இறுக்கினான். பின் கயிற்றைக் கட்டினான். முன் கயிறு எப்போதும் கட்டப்பட்டுவிடுகிற ஒன்று, எனவே கிளம்பினான். டயர் கடைக்கு அடுத்த வளைவில், காற்று குறுக்கே அடிக்கிற இடத்தில், முதலையின் மூக்கு எழும்பியிருக்கிறது. ஓரமாக நிறுத்தி இறங்கி, காருக்கு முன்னால் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக முன் கயிற்றைக் கையில் எடுத்தான். கயிறு கையில் இருக்கும்போதே லாரி வந்தது.

காருக்கு ஒரு கீறல் இல்லை. முதலைக்கும் இல்லை.

பிளம்பர் பதினோரு மணிக்குச் சரியாக வந்தான். அவன் குழாய்க்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான், வீட்டு எண்ணை விசாரித்துக் கண்டுபிடித்த காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவன் ஸ்பானரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அண்ணியைப் பிடித்துக்கொண்டான். குழாய் அதே கதியில் நின்றது. இந்த ஒரு வருடமாக ஒழுகுகிறது. கீழே ஒரு வாளி. அண்ணி யாரையும் கூப்பிடுவதில்லை.

"நான்தான் அவசரப்படுத்தினேன்," என்பார். வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். "சீக்கிரம் சீக்கிரம்னு பறந்தேன். அந்த அவசரத்துலதான் முன் கயிற விட்டுட்டார்." சனிக்கிழமைகளில் என்னிடமும் சொல்வார். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். வாளியில் சொட்டு விழும். "இல்ல அண்ணி, அப்படி இல்ல," என்று ஒரு தடவை ஆரம்பித்தேன். "பின்ன எப்படி?" என்று நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்க," என்றேன்.

அந்த வாரம்தான் எனக்கு முதுகு பிடித்தது. உள்ளங்கை அளவுக்கு. படுத்தால் சூடு பறக்கிறது. விடுதி அறையில் யாரும் தைலம் வைத்திருக்கவில்லை. ஆனால் எனக்குத் தைல வாசம் வரும். அறைத்தோழன், "என்னடா தாத்தா, மோந்து மோந்து பாக்கற?" என்பான்.

போன வாரம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அறிவிப்புப் பலகையில் ஒரு கடிதம் ஒட்டினார். 'வாகனம் நிறுத்துமிடத்தில் நெடுங்காலமாகக் கிடக்கும் நீளமான பச்சைப் பொருளை உரியவர் ஞாயிறு நண்பகலுக்குள் அகற்றாவிட்டால் சங்கமே அகற்றும்.' அண்ணி அதைக் கிழித்து எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"ஏரிப் படகுத்துறைல பேசிட்டேன் தம்பி. அவங்களே வச்சிக்கறாங்களாம், வர்றவங்க ஓட்டட்டும்னு. நம்ம ரெண்டு பேரும் கொண்டுபோய் விட்டுடலாம். உன் முதுகு தாங்குமா?"

தாங்காது என்று வாய்வரை வந்தது. அந்த வாக்கியத்தை அந்த வீட்டில் நான் இன்னொரு தடவை சொல்ல முடியாது. "தாங்கும்," என்றேன்.

பிசியோ அக்காவிடம் கேட்டபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு படம் போட்டார்; கார் செருப்பு மாதிரியும் கயாக் வெண்டைக்காய் மாதிரியும் இருந்தன. "முழுப் பாரத்தையும் ஒரே நேரத்துல தூக்காத. முன் முனைய மட்டும் தூக்கி, கார் பின்பக்கத்து மேல சாத்து. கீறாம இருக்க ஒரு தடி டவல் போட்டுக்க. அப்புறம் வால் பக்கம் போய், முழங்கால மடக்கி, தோளால தள்ளு. மேல ஏறிடும். குனியாத. திரும்பாத. அப்படியே முறுக்கிட்டு மட்டும் நிக்காத. இத மீறினா என்கிட்ட வராத, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ."

ஞாயிறு காலை ஏழு மணி. நிறுத்துமிடத்தில் சிமெண்டு வாசமும் பழைய டயர் வாசமும். தூணில் ஒரு குழல்விளக்கு, எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. இடுப்புப் பட்டையைச் சட்டைக்கு மேலேயே கட்டியிருந்தேன். தார்ப்பாயை விலக்கியதும் தைல வாசம் வந்தது. பிளாஸ்டிக்கின் வாசமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உலகத்தில் எந்தப் பிளாஸ்டிக்கும் அப்படி மணப்பதில்லை.

டவலைப் போட்டோம். முதலையின் மூக்கை இருவருமாகத் தூக்கிச் சாத்தினோம். அது அடக்கமாக ஏறியது. பிறகு வால் பக்கம் போய், அண்ணி இடது, நான் வலது, முழங்காலை மடக்கித் தோளைக் கொடுத்தோம்.

"எண்ணு தம்பி."

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

தள்ளினேன். அசையவில்லை. சுவரைத் தள்ளுவதுபோல் இருந்தது. முதுகில் அந்தக் கை ஒரு தடவை அழுத்தியது. ஒரு மூச்சு போயிற்று. பிறகு, நான் தள்ளாமலேயே, முதலை எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு மேலே போய், கேரியரில் சரியாக உட்கார்ந்தது.

அண்ணி மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார். "நீ லேட்டா தள்ற. உங்க அண்ணன் மாதிரியே."

"நான் மூணுக்கே தள்ளிட்டேன் அண்ணி," என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை, பெல்ட்டை வீசிக்கொண்டிருந்தார்.

பெல்ட் இரண்டையும் இறுக்கினோம். நான் காருக்கு முன்னால் வந்தேன். முன் கயிறு. அதே கயிறு, காவல் நிலையத்திலிருந்து காரோடு திரும்பி வந்தது. கொக்கியில் மாட்டி, முதலையின் மூக்கில் சுற்றி, முடிச்சுப் போட்டேன். அதன் மேல் இன்னொன்று. எண்ணவில்லை, ஆனால் கடைசியில் அது கயிறு மாதிரி இல்லை, பலாக்காய் மாதிரி இருந்தது. நிமிராமலேயே, பழக்க தோஷத்தில், "முடிச்சாச்சா?" என்றேன்.

"முடிச்சாச்சு," என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

வாசலில் வாட்ச்மேன், வெளியே போகிற பொருளுக்கு அண்ணியிடம் வாங்கிய கையெழுத்தோடு பதிவேட்டைத் திறந்தே வைத்திருந்தார். பொருளின் பெயர் என்கிற கட்டத்தில் அவரே 'முதலை, 1' என்று எழுதியிருந்தார். "சார் அப்படித்தான் சொல்வார்," என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைத் தூக்கினார்.

அண்ணி ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில், பிசியோ அக்கா சொன்னபடி, கீழ்முதுகுக்கு ஒரு டவல் சுருள் வைத்து, கம்பத்தில் கட்டிய திருடன்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஊர் முடிந்து நெடுஞ்சாலை வந்தது. கண்ணாடி வழியாக மேலே முதலையின் மூக்கும், அதிலிருந்து பம்பருக்கு இறங்கும் கயிறும் தெரிந்தன. விறைப்பாக இருந்தது.

"டயர் கடை வரும்," என்றார் அண்ணி. "நான் நிறுத்தப் போறதில்ல. திரும்பிப் பாக்கப் போறதில்ல. நீயும் பாக்காத. நேரா போயிடலாம்."

"சரி அண்ணி."

"பேசிட்டே வா. எதாவது பேசு. காலேஜ்ல என்ன நடக்குது?"

"கேன்டீன்ல புதுசா தட்டு வாங்கியிருக்காங்க."

"அப்புறம்?"

"பழைய தட்டயும் வச்சிருக்காங்க."

"இதெல்லாம் ஒரு பேச்சாடா?" என்றார். சிரிக்கப் பார்த்தார். பிறகு தாடையை இறுக்கிக்கொண்டார். "அன்னைக்கு மட்டும் நான் பிளம்பர் பேச்ச எடுக்காம இருந்திருந்தா..."

நான் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லலாம். டயர் கடைக்கு முன்னால் சொல்லிவிடலாம். அல்லது ஏரியில். அல்லது படிப்பு முடிந்து வேலைக்குப் போய், ஒரு நல்ல நாளாகப் பார்த்து. முன் கயிறு நன்றாகத்தான் இருக்கிறது. எப்படிக் கட்டியிருக்கிறேன் பார். முன் கயிற்றைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

பின் கயிறு?

அண்ணன் இருந்தவரை பின் கயிறு எப்போதும் கட்டப்பட்டுவிடுகிற ஒன்று. நான் கட்டவில்லை. அந்தப் பக்கம் போகவே இல்லை. 'முடிச்சாச்சு' என்று பதில் வந்தது. அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் நான்கு வருடமாக வருகிறது. குரல் யாருடையது என்று யார் கவனிப்பார்கள்?

"அண்ணி, பின் கயிறு நீங்கதானே கட்டினீங்க?"

"நானா? இல்லயே. கயிறெல்லாம் உன் வேலன்னு நெனச்சேன்."

"முடிச்சாச்சான்னு கேட்டேன். முடிச்சாச்சுன்னு சொன்னீங்களே?"

"நான் எப்ப சொன்னேன்? நீ முன்னாடி கட்டிட்டு இருந்தப்ப நான் வாசல்ல வாட்ச்மேன் நோட்டுல கையெழுத்து போட்டுட்டு இருந்தேன்."

காற்று குறுக்கே அடித்தது. டயர் கடையின் பலகை வந்தது, போனது. வளைவு. மேலே பதினான்கு அடி நீளத்துக்கு ஒரு பொருள், வால் கட்டாமல். அது ஆடியிருக்க வேண்டும். கேரியர் கிறீச்சிட்டிருக்க வேண்டும். சத்தமே இல்லை. யாரோ பின்னால் பிடித்துக்கொண்டே வருகிற மாதிரி வந்தது.

"நிறுத்துங்க," என்றேன்.

"இங்கயா?" என்றார் அண்ணி. "இங்க வேணாம் தம்பி."

"நிறுத்துங்க அண்ணி."

நிறுத்தினார். இரண்டு இண்டிகேட்டரும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டன. நான் முதுகைத் திருப்பாமல், முழு உடம்பாகத் திரும்பி, இறங்கி, காரைப் பிடித்தபடி பின்னால் போனேன்.

பின் கயிறு கட்டியிருந்தது.

இரண்டு சுற்று. நுனியை மடித்து, தலைகீழாகச் செருகியிருந்தது.

அண்ணி பக்கத்தில் வந்து நின்றார். ஒரு லாரி எங்களைக் கடந்தபோது கார் ஒரு தரம் குலுங்கியது, முதலை அசையவில்லை. அண்ணி ஒரு விரலால் அந்த முடிச்சைத் தொட்டார். சுடுமோ என்று தொடுவதைப்போல.

"யாரு கட்டினது?" என்றார். பதில் எதிர்பார்க்கிற குரல் இல்லை.

என் முதுகில் கை இருந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது. அவன் வேலையை அவன் செய்துவிட்டான். வருடம் ஒன்று ஆகியும், ஆளே இல்லாமல் போயும், தன் பக்கத்து வேலையை முடித்துவிட்டு நிற்கிறான். பாக்கி இருப்பது என் பக்கம்தான்.

"அண்ணி. அன்னைக்கு எனக்கு முதுகு வலி இல்ல."

"என்னைக்கு?"

"அன்னைக்கு. தூக்கம் வந்துச்சு. போக சோம்பலா இருந்துச்சு. முதுகு பிடிச்சிருச்சுன்னு பொய் சொன்னேன். முன் கயிறு எப்பவும் நான்தான் கட்டுவேன். அவன் அதத் தொட்டதே இல்ல. நீங்க அவசரப்படுத்தினதால அவன் மறக்கல. அவன் அவசரமே பட மாட்டான், உங்களுக்கே தெரியும். நான் இல்லாததால கட்டல."

அண்ணி முடிச்சிலிருந்து விரலை எடுக்கவில்லை. இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஒரு வருஷமா அந்தக் குழாய் ஒழுகுது," என்றார்.

"தெரியும்."

"வாரா வாரம் வந்து, அந்த வாளிக்குப் பக்கத்துல உக்காந்து, நான் சொல்றதக் கேட்டுட்டே சாப்பிட்ட."

"ஆமா."

"இன்னும் கொஞ்சம் போடவான்னு கேட்டேன். போடுங்கன்னு சொன்ன."

"ஆமா அண்ணி."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் சாலை ஓரத்தில் ஒரு இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவரே சொன்ன இடம்தான்.

"வண்டில ஏறு," என்றார்.

ஏரி வரைக்கும் கேன்டீன் தட்டைப் பற்றிக்கூட யாரும் கேட்கவில்லை.

படகுத்துறைக்காரர் தொப்பி போட்ட, நல்ல உயரமான ஆள். தகரக் கொட்டகைக்கு வெளியே துடுப்புகளைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். முதலையைப் பார்த்ததும், "அட, நம்ம ஆளு!" என்று அன்பாகச் சொன்னார். அண்ணன் விஷயம் அவருக்குத் தெரியும். உடனே தொப்பியை எடுத்துவிட்டார். முன் கயிற்றையும் என் பலாக்காயையும் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து அறுத்தார். பிறகு பின்னால் போனார்.

"கத்தி வேணாம்," என்றார் அண்ணி.

"இது இறுகிக் கெடக்கும்மா. கையால வராது."

"வரும்."

அண்ணி கார் பின்பக்கத்தில் சாய்ந்து நின்று, நகத்தால் அந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். கல்யாணமான நாளிலிருந்து கத்திரிக்கோலால் வெட்டிய முடிச்சு. படகுத்துறைக்காரர் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு போய்த் துடுப்புகளை இன்னொரு தடவை கழுவினார். ஏரியில் இரண்டு பேர் துடுப்புப் போட்டுக்கொண்டு அந்தக் கரைக்குப் போய், ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்தார்கள். அதுவரை அண்ணி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு நகம் உடைந்தது. கடைசியில் நுனி வெளியே வந்தது. மீதி தானாக இளகியது. கயிற்றைச் சுருட்டி, மடியில் வைத்துக்கொள்வதுபோலக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

முதலையைச் சரித்து மணலில் இறக்கியாயிற்று. கொட்டகைக்குள் கொண்டுபோக வேண்டும். படகுத்துறைக்காரர் என் இடுப்புப் பட்டையைப் பார்த்தார்.

"தம்பிக்கு முதுகு முடியல போல. இருங்கம்மா, நான் ஒரு முனையப் பிடிக்கிறேன்."

"அவனுக்கு முதுகுல ஒண்ணும் இல்ல," என்றார் அண்ணி. "தூக்குவான்."

அண்ணி முன் முனைக்குப் போனார். எனக்குப் பின் முனை. முழங்காலை மடக்கி, கைப்பிடியைப் பிடித்தேன். இந்தத் தடவை அண்ணி எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

நான் தூக்கவில்லை. காத்திருந்தேன். மூணு முழுசாக வந்து நிற்கட்டும். ஒரு மூச்சு போயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். பதினான்கு அடிக்கு அந்தப் பக்கம் அண்ணியும் தூக்காமல், குனிந்தபடி, காத்துக்கொண்டிருந்தார்.

எதுவும் எழும்பவில்லை. தைல வாசம் இல்லை. தண்ணீர் வாசம் மட்டும்தான் வந்தது.

"என்னாச்சு? எண்ணியாச்சுல்ல?" என்றார் படகுத்துறைக்காரர்.

அண்ணி என்னைப் பார்த்தார். அந்த வளைவுக்குப் பிறகு முதல் தடவை. "மறுபடி எண்றேன்," என்றார். குரல் தேய்ந்திருந்தது. "ஒண்ணு. ரெண்டு. மூணு."

மூணோடு தூக்கினோம், ஒரே நேரத்தில், கோணாமல். அப்போதுதான் முதலை எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரிந்தது. நான்கு வருடமாக நான் தூக்கியது அதில் எவ்வளவு சின்னப் பங்கு என்றும் தெரிந்தது. கொட்டகைக்கு முப்பது அடி இருக்கும். இரண்டு தடவை இறக்கிவைத்தோம். உள்ளே மரச்சட்டத்தில் ஏற்றி முடித்தபோது முதுகு வலித்தது. இடது பக்கம் என்றில்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை, பாரம் தூக்கிய எல்லோருக்கும் வலிக்கிற மாதிரி. விரல் தடம் ஏதும் இல்லை. தேடிப் பார்த்தேன். இல்லை.

திரும்பும்போது கேரியர் காலியாக, காற்றில் விசிலடித்தது. டயர் கடை வந்தபோது அண்ணி வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தை நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கடந்தார்.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"ஒரு மாசம் நீ வீட்டுக்கு வராத."

"சரி."

"எனக்கு உன் மூஞ்சிய இப்போ பாக்க முடியாது."

"சரி அண்ணி."

கொஞ்ச தூரம் போனது. "அதுக்கப்புறம் துணிய எடுத்துட்டு வா," என்றார்.

என்னை விடுதி வாசலில் இறக்கிவிட்டார். நான் இறங்கி, கதவைச் சாத்தி, முழு உடம்பாகத் திரும்பினேன். அவர் உடனே கிளம்பவில்லை. கைப்பையைத் திறந்து, கயிற்றுச் சுருளை ஓரமாக ஒதுக்கி, அடியிலிருந்து தொலைபேசியை எடுத்தார். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. பழைய எண் ஒன்றைத் தேடி அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஹலோ, பிளம்பருங்களா? ஒரு வருஷத்துக்கு முன்னாடி நீங்க வந்த வீடு... ஆமா. ஆமா, அந்த வீடுதான்." குரலைச் சரிசெய்துகொண்டார். "இல்லங்க, நான் நல்லா இருக்கேன். அந்தக் குழாய் இன்னும் ஒழுகுது. நாளைக்கு வர முடியுமா? பதினோரு மணிக்கா? வாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவாவே வாங்க."